அப்பா எங்கே என்று கேட்டவள்

ஆக்னஸின் கடிதம் நான்கே வரி. "நீ அனுப்பிய உடுப்புப் பெட்டிகள் வந்து சேர்ந்தன. இனி உடுப்பு வேண்டாம். பிள்ளைகளோடு உட்காரத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். நீயே வா, அக்கா."

அவள் என் அத்தை மகள். நாலு வயதில் மலேசியாவில் தைப்பிங்கை விட்டு அத்தையோடு கப்பலேறி இந்தியா வந்தவள். கன்னியர் மடத்தில் சேர்ந்து, நர்ஸ் படிப்பு முடித்து, பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மருந்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அணைக்கட்டில் இலங்கையிலிருந்து வந்த அகதிகளுக்கு ஒரு முகாம். அங்கே இருந்த பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதியிருந்தாள்.

நான் தைப்பிங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இருபது வருஷமாக ஒன்றாம் வகுப்புதான் எடுத்து வருகிறேன். பயந்துபோன பிள்ளைகளை எப்படித் தேற்றுவது என்று பினாங்கில் இரண்டு வாரம் ஒரு பயிற்சி நடந்தது, அதற்கும் போயிருக்கிறேன். அங்கே மூன்று பக்கத்துக்குக் கேள்வித்தாள் ஒன்று கொடுத்தார்கள். பிள்ளையிடம் இன்னின்ன கேட்டால் மனதில் உள்ளது வெளியே வரும் என்றார்கள். அந்தத் தாளைக் கைப்பையில் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் தருமபுரி பஸ் நிலையத்தில் போய் இறங்கினேன்.

வெயில் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்களூரில் குடை இல்லாமல் யாரும் கடைக்குப் போவதில்லை. மழைதான் காரணம். இங்கேயும் பெண்கள் குடை பிடித்துப் போனார்கள். வானத்தில் மேகம் ஒன்றுகூட இல்லை.

ஒரு கடையில் கோப்பி கேட்டேன். "காபியாங்க?" என்று திருத்திவிட்டு, நுரை ததும்ப ஒரு டம்ளரை நீட்டினார் கடைக்காரர். எங்களூர்க் கோப்பி கறுப்பாக, கனமாக இருக்கும். இது பாலும் சர்க்கரையுமாகத் தொண்டையில் இறங்கியது. நன்றாகத்தான் இருந்தது. இரண்டு டம்ளர் குடித்தேன்.

பாலக்கோடு தாண்டியதும் பஸ்ஸின் பின்சக்கரம் வெடித்தது. எல்லோரும் இறங்கி ஒரு வேப்பமரத்து நிழலில் நின்றோம். பின்னால் வந்த இரண்டு பஸ்களில் எங்களைப் பிரித்து ஏற்றினார்கள். கூரையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே இருந்த என் பெட்டியை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். என்னை இன்னொன்றில் ஏற்றினார்கள். மாரண்டஹள்ளியில் இறங்கி, பெட்டி எங்கே என்று நான் மேலே பார்த்தபோது, கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யய்யோ, அது ஓசூர் வண்டிங்க மேடம்! உங்க பொட்டி ஓசூருக்குப் போயிட்டு இருக்குதுங்க."

பெட்டிக்குள் வண்ணக்குச்சிகள், களிமண் கட்டிகள், துணிப் பொம்மைகள், படஅட்டைகள். பிள்ளைகளுக்காக நான் கொண்டுவந்த எல்லாமே அதில்தான். கையில் மிஞ்சியது பாஸ்போர்ட், பல்துலக்கி, கேள்வித்தாள்.

"கவலப்படாதீங்க. பொட்டி எங்கியும் போயிடாது. டிரைவரு நம்ம ஆளுதான்," என்றார் கண்டக்டர். பக்கத்தில் நின்ற இரண்டு கிழவர்கள் கன்னடத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். "பெட்டிக்காவது ஊர் சுத்திப் பாக்குற யோகம் இருக்குதேன்னு சொல்றாங்க," என்றார்.

முகாம் அணைக்கட்டின் கரைக்குக் கீழே இருந்தது. அணை கட்டிய காலத்தில் வேலையாட்கள் தங்கிய தகரக் கொட்டகைகள். வரிசை வரிசையாகப் பார்த்ததும் எனக்கு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயம் ஞாபகம் வந்தது. ஆனால் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவராவது உண்டு. இங்கே பழைய சேலைதான் சுவர். ஒரு குடும்பம் இருமினால் ஐந்து குடும்பத்துக்குக் கேட்கும்.

மறுநாள் காலை ராகிக் களியும் கீரையும் பசியாறினேன். ஆக்னஸ் உருண்டையைப் பிய்த்து மெல்லாமல் விழுங்கச் சொன்னாள். நான் மென்றேன். மருந்தகத்தில் கூட்டிப் பெருக்கும் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு அவசரமாக முகத்தைத் திருப்பிச் சிரித்தார்.

பத்து மணிக்குப் பிள்ளைகளைப் புளியமரத்தடியில் உட்கார வைத்தேன். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லச் சொன்னேன். நாலாவதாக உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஒன்பது வயது இருக்கும். இரட்டைப் பின்னல், ஒன்றில் மட்டும் ரிப்பன்.

"உன் பேர் என்னம்மா?"

"தெரியாது."

"வயசு?"

"தெரியாது."

பிள்ளைகள் கெக்கலித்துச் சிரித்தார்கள். "அவளுக்கு ஒண்டும் தெரியாது ரீச்சர். தண்ணி விடாய்க்குதோ எண்டு கேட்டாலும் தெரியாது எண்டுதான் சொல்லுவாள்," என்றது ஒரு குரல்.

அவள் பெயர் தயாளினி என்று ஆக்னஸ் பிறகு சொன்னாள். மன்னார்ப் பக்கத்துக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து தாயோடு படகில் வந்தவள். ஒன்றரை வருஷமாக முகாமில் இருக்கிறாள். இதுவரை யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். இதில் ஒரு சிக்கலும் வந்திருந்தது. முகாமில் உள்ளவர்களைச் சரிபார்க்க ஒரு வருவாய் ஆய்வாளர் அவ்வப்போது வருவார். பெயர் கூப்பிட்டால் அந்தந்த ஆள் பதில் சொல்ல வேண்டும். போன தடவை இவள் தன் பெயரே தெரியாது என்று சொல்லிவிட்டாள். கூட வந்த எழுத்தர் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டார். உதவித் தொகைக்காகத் தாய் வேறு யார் பிள்ளையையோ தன் பிள்ளை என்று காட்டுகிறாளோ என்று அவருக்குச் சந்தேகம். அடுத்த முறையும் இப்படியே சொன்னால், துணையில்லாத பிள்ளை என்று சிறுவர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்று ஆக்னஸ் பயந்தாள்.

"இன்னும் பதினாலு நாள்தான் இருக்குது அக்கா. அதுக்குள்ள அவ பேரையாவது சொல்ல வெச்சிடு."

நான் தலையாட்டினேன். ஒன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு இது என்ன பெரிய வேலை என்று உள்ளுக்குள் நினைத்தேன்.

மத்தியானம் ஒரு மணிக்குத் திடீரென்று பூமி அதிர்ந்தது. பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நொடியில் மண்ணில் குப்புறப் படுத்தார்கள். பெரியவன் ஒருவன் சின்னவனை இழுத்துத் தன் வயிற்றுக்கடியில் மறைத்துக்கொண்டான். யாரும் சத்தம் போடவில்லை. அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நிமிர்ந்து நின்றது நான் ஒருத்தி, தயாளினி ஒருத்தி. அவள் மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் தன் வாயை இறுகப் பொத்தியிருந்தாள்.

மலைக்கு அந்தாண்டை கல்குவாரி. தினமும் அந்த நேரத்துக்கு வெடி வைப்பார்களாம். "சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன். கல்லு ஒடைக்காம எப்படிங்க சிஸ்டர்னு கேக்கறாங்க," என்றாள் ஆக்னஸ்.

அன்று பிற்பகலில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். மற்ற பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தயாளினியை மட்டும் உட்கார வைத்தேன். கேள்வித்தாளை மடியில் விரித்தேன். எப்போது பயமாக இருக்கும்? கனவில் யார் வருவார்கள்? உங்கள் வீட்டுக்கு எத்தனை கதவு? எல்லாவற்றுக்கும் தெரியாதுதான். பத்தாவது கேள்வி, குடும்பத்தில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது. நான் கனிவாகத்தான் கேட்டேன். பைக்குள் இருந்த ஒரு மிட்டாயை எடுத்து நீட்டிக்கொண்டேதான் கேட்டேன்.

"அப்பா எங்கேம்மா?"

அவள் மிட்டாயைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவள் பாவாடை நனைந்து, ஈரம் மண்ணில் பரவியது. எழுந்து, ஓடாமல், மெல்ல நடந்து போனாள்.

சற்று நேரத்தில் அவள் தாய் வந்தாள். புஷ்பராணி. முப்பது வயதிருக்கும். மாவு பிசைந்த கையைக்கூடக் கழுவாமல் வந்திருந்தாள்.

"நீங்கள் பிள்ளையளோடை கதைக்க வந்தனீங்களோ, விசாரிக்க வந்தனீங்களோ?"

நான் கேள்வித்தாளை மடித்தேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

அடுத்த இரண்டு நாள் தயாளினி புளியமரத்தடிக்கு வரவில்லை. நான் குவாரிக்கு நடந்தேன். அங்கே மேஸ்திரி பெரிய மீசைக்காரர். அகதிப் பிள்ளைகள் என்று ஆரம்பித்ததுமே, "வெடி வெக்காம இருக்க முடியாதுங்கம்மா," என்றார். நிறுத்தச் சொல்லவில்லை, வெடிக்கு முன்னால் ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனால் போதும் என்றேன். சொல்லாமல் வருவதுதான் அவர்களைக் கொல்கிறது என்றேன். "எங்க வூட்டுலயும் ரெண்டு இருக்குதுங்க," என்றார். மறுநாளிலிருந்து அரை மணி நேரம் முன்பே கரைமேல் ஓர் ஆள் வந்து சிவப்புத் துணியை ஆட்டி, "வெடீ, வெடீ" என்று கத்தினார். பிள்ளைகள் கொட்டகைக்குள் போய்க் காதைப் பொத்தி, ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டு காத்திருந்தார்கள். வெடித்து முடிந்ததும் முதன்முறையாகக் கூச்சல் போட்டார்கள். ஒரு வாரத்தில் பாதிப் பேர் படுப்பதை விட்டுவிட்டார்கள். மற்றவர்கள் விடவில்லை.

நாலாம் நாள் என் பெட்டி வந்தது. அதே கண்டக்டர், தன் ஓய்வு நாளில், சைக்கிளின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். மோர் கொடுத்தோம். வண்ணக்குச்சிகளைக் கண்ட பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். எல்லோரும் ஹெலிகாப்டர் வரைந்தார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் ஆடு வரைந்தாள். எங்கள் வீட்டு ஆடு என்றாள். பிறகு ஆட்டின் மேல் ஒரு ஹெலிகாப்டர் வரைந்தாள்.

தயாளினி எங்கே என்று ஆக்னஸைக் கேட்டேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

அங்கே ஒரு தக்காளித் தோட்டம். கெம்பம்மா என்ற அம்மாளுடையது. ஐம்பது வயதிருக்கும், வெயிலில் காய்ந்த உடம்பு. வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். தமிழையும் அதோடு கலந்து பேசுவார்கள். நிழலில் பழக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தயாளினி. நான் ஒரு புங்கமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

கெம்பம்மா ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். பழத்தைப் பற்றி, மாட்டைப் பற்றி, ஓசூர் சந்தையைப் பற்றி. எல்லாம் கன்னடம். ஒரு பழத்தை எடுத்து "ஹண்ணு" என்றார். ஒரு காயை எடுத்து "காயி" என்றார். தயாளினி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஹண்ணு," என்று சொல்லிக் கூடையில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். "காயி."

அவள் வாயிலிருந்து 'தெரியாது' தவிர வேறொரு சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அது அவள் மொழியில் இல்லை.

சாயங்காலம் அவள் போன பிறகு கெம்பம்மாவிடம் போனேன். இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா என்றேன்.

"நானு கேக்கலீங்க," என்றார். "கேட்டா அது பதிலு சொல்லணுமில்லீங்களா? பாவம். வந்துது, கூத்கோன்னேன், உக்காந்துது. அவ்ளோதான்."

கேள்வித்தாளைப் பெட்டியின் அடியில் போட்டேன். அப்புறம் அதை எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து காலையில் பிள்ளைகளோடு மரத்தடி, பிற்பகலில் தக்காளித் தோட்டம். கெம்பம்மாவுக்கு இந்தப் பக்கம் தயாளினி, அந்தப் பக்கம் நான். அவள் என்னைப் பார்த்ததும் முதல் நாள் எழுந்து போனாள். இரண்டாம் நாள் நகர்ந்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் நான் காய்களை மாற்றிப் போட்டதைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் எடுத்துச் சரியான கூடையில் போட்டாள்.

நான் தோட்டத்துக்குப் போவதைப் புஷ்பராணி கவனித்திருக்க வேண்டும். ஒரு காலை, அடுப்படிக்குக் கூப்பிட்டாள். பிட்டு அவித்து, தேங்காய் கிடைக்காததால் வெறும் தக்காளிக் குழம்போடு கொடுத்தாள். "ஊரிலையெண்டால் சம்பல் இருக்கும்," என்றாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

ஒருநாள் விடியற்காலை துப்பாக்கியோடு ஆட்கள் ஊருக்குள் வந்தார்கள். ஆண்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவள் கணவர் கிணற்றடிக் கொட்டிலில், விறகுக்குப் பின்னால் ஒளிந்தார். புஷ்பராணியைக் கேட்டார்கள். அவர் மன்னாருக்குப் போய்விட்டார் என்று சொன்னாள். வந்தவர்களில் ஒருவன் முற்றத்தில் நின்ற பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். அரைகுறைத் தமிழில் பேசினான். சட்டைப் பையிலிருந்து ஒரு டொபி மிட்டாயை எடுத்துக் கொடுத்தான்.

"'அப்பா எங்கை' எண்டு கேட்டான் அக்கா. பொய் சொல்லக்கூடாது எண்டு நாங்கள்தானே அவளைச் சொல்லிச் சொல்லி வளர்த்தனாங்கள். 'கிணத்தடியிலை' எண்டு காட்டினாள்."

அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள்.

"கொண்டு போயிட்டாங்கள். நான் எல்லா ஆமி முகாமுக்கும் போய்க் கேட்டுப் பார்த்தன். அப்பிடி ஒரு ஆள் இல்லை எண்டிட்டாங்கள். வீட்டை வந்து… அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டன். 'உன்ரை வாயாலைதான் அப்பா போனவர்' எண்டு. ஒருக்காத்தான் சொன்னனான். அதுக்குப் பிறகு அவள் தெரியாது எண்டதைத் தவிர ஒண்டும் கதைக்கேல்லை."

"அதைப் பற்றி அவளிடம் பேசினீர்களா?"

"என்னெண்டு கதைக்கிறது? அதை எடுத்தால் திரும்பவும் அவளைக் குத்தினமாதிரி ஆகிடாதோ?"

அந்த மிட்டாயை நீட்டிய கையை நான் என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆயுளில் எத்தனையோ பிள்ளைகளை அழ வைத்திருக்கிறேன், தேற்றியிருக்கிறேன். இப்படி ஒருபோதும் வெட்கப்பட்டதில்லை.

மரத்தடியில் ஒரு புது ஏற்பாடு செய்தேன். இனிமேல் நான் கேட்க மாட்டேன், நீங்கள் என்னைக் கேளுங்கள், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வேன் என்றேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மலேசியாவில் யானை உண்டா? நீங்கள் ஏன் கலியாணம் கட்டவில்லை? உங்கள் ஊருக்குப் போகவும் படகா? அங்கேயும் ஆமி வருமா? இப்படி மூன்று நாள் போயிற்று. தயாளினி தோட்டத்துக்குப் போகாமல் கொஞ்சம் தள்ளி நின்று கேட்க ஆரம்பித்தாள்.

நாலாம் நாள் ஒரு பையன் கேட்டான். "உங்கடை அப்பா என்ன செய்யிறார்?"

நான் சொன்னேன். எனக்கு இரண்டு வயது நடந்தபோது ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்திருந்தான். சயாம் நாட்டில் ரயில் பாதை போட ஆட்கள் வேண்டுமென்று தோட்டம் தோட்டமாக லாரி வந்தது. எங்கள் லயத்துக்கும் வந்தது. அப்பாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றுகூடத் தெரியாது.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரவென்று, நெடுநாள் திறக்காத கதவு போல.

"கதவை ஆர் திறந்தது?"

எல்லாத் தலையும் திரும்பியது. தயாளினி.

"எங்கம்மா," என்றேன். "தட்டினாங்க. அம்மா போய்த் திறந்தாங்க."

"அவ திறக்காமல் விட்டிருந்தால்?"

"தெரியலையேம்மா. கதவை உடைச்சிருப்பாங்க."

"அப்ப அம்மாவிலை பிழையோ?"

என் தாய் சாகும் வரை அந்தக் கதவைப் பற்றிப் புலம்பியதை நான் கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் ஒரு காலத்தில் நானே அம்மாவைக் கோபித்தும் இருக்கிறேன்.

"இல்லம்மா," என்றேன். "கதவு தட்டினா யாரும் திறப்பாங்க. கேட்டா யாரும் பதில் சொல்வாங்க. அப்பாவைக் கொண்டு போனது எங்கம்மா இல்ல. கொண்டு போனவங்கதான் கொண்டு போனாங்க."

அவள் அதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்ததுபோல உதடு அசைந்தது. பிறகு வாய்க்காலைத் தாண்டித் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

நடந்ததைப் புஷ்பராணியிடம் சொன்னேன். எதையும் கேட்க வேண்டாம், சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவள் இரண்டு நாள் தயங்கினாள். மூன்றாம் நாள் காலை, கொட்டகை வாசலில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர்க் குடத்தோடு கடந்துபோனவள், பேச்சுக் காதில் விழுந்து, தள்ளியே நின்றுவிட்டேன்.

"பிள்ளை, அம்மா அண்டைக்கு ஒரு சொல்லுச் சொன்னனான். அது பிழை. கோவத்திலை சொன்னது. உன்னிலை ஒரு பிழையும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாள் பயமாயிருந்தது."

தயாளினி திரும்பவில்லை. பின்னல் முடியவில்லை, அவள் தோள் மட்டும் குலுங்கத் தொடங்கியது. சத்தமில்லாத அழுகை. பிறகு சத்தத்தோடு. பக்கத்துச் சேலைகளுக்குப் பின்னால் பேச்சு நின்றது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒன்றரை வருஷம் ஒருவர் இருமலை ஒருவர் கேட்டு வாழ்ந்த சனம், அன்றைக்கு அந்த இருவருக்கும் ஒரு சுவரைக் கொடுத்தது.

அவள் அன்று முழுவதும் தூங்கினாள். விழித்ததும் பெயர் சொல்வாள், பாடுவாள் என்றெல்லாம் நான் நினைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சோறு வேண்டுமா என்று கேட்டதற்கு, தெரியாது என்றுதான் சொன்னாள்.

ஆய்வாளர் வந்த நாள் புஷ்பராணி விடியும் முன்பே மகளுக்குத் தலை பின்னிவிட்டிருந்தாள். ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் மரத்தடியில் போட்டார்கள். ஆய்வாளர் தலை நரைத்தவர், வியர்வையைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை நனைந்திருந்தது. எழுத்தர் பெயர் கூப்பிட்டார். ஒவ்வொரு குடும்பமாக வந்து நின்றது.

"தயாளினி."

அவள் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். ஆக்னஸ் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உம் பேரு என்னம்மா?" என்றார் ஆய்வாளர்.

அவள் திரும்பித் தாயைப் பார்த்தாள்.

"தயாளினி."

"அப்பா பேரு?"

"அருளப்பு."

எழுத்தர் பேனாவை எடுத்துச் சிவப்புக் கேள்விக்குறியை அடித்து நீக்கினார். எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது. ஆய்வாளர் குனிந்தபடியே, படிவத்தில் அடுத்த கட்டத்தைப் பார்த்து, வழக்கம்போலக் கேட்டார்.

"அப்பா எங்கே?"

நான் ஓர் அடி முன்னால் வைத்துவிட்டேன். ஆக்னஸ் என் கையைப் பிடித்தாள். தயாளினியின் கை மெல்ல மேலே, வாயை நோக்கி எழுந்தது. பாதியில் நின்றது. கீழே இறங்கியது.

"கொண்டு போயிட்டாங்கள்," என்றாள்.

ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. கட்டத்தில் ஏதோ எழுதி, "போம்மா, அம்மாகிட்ட போ," என்றார்.

நாங்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். புஷ்பராணி தூணைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவர் வேலைக்குப் போயிருக்கிறார் எண்டுதான் போன முறையும் எழுதிக் குடுத்தனான்," என்றாள். மகள் தன் வாயால் சொன்ன பிறகு, அவளுக்கு அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் ஊர் திரும்பிச் சில காலம் கழித்து, அமைதி வந்துவிட்டது என்று சொல்லி ஒரு பகுதி ஆட்களைக் கப்பலில் திருப்பி அனுப்பியதாக ஆக்னஸ் எழுதினாள். கணவர் தேடி வந்தால் ஊருக்குத்தான் வருவார் என்று புஷ்பராணியும் மகளோடு போய்விட்டாள். கெம்பம்மா ஒரு கூடை பழத்தோடு பாலக்கோடு வரை வந்து வழியனுப்பினாராம். போய்ச் சேர்ந்ததாக ஒரு கடிதம் வந்தது. பிறகு அங்கே மறுபடியும் சண்டை. அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

நான் முகாமிலிருந்து கிளம்பிய நாள் காலையில் தயாளினி வந்து பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தாள். ஆக்னஸ் முன்னால் பெட்டியோடு போனாள். மாரண்டஹள்ளி பஸ் வரத் தாமதமாயிற்று. தயாளினி என் கைப்பையைத் தொட்டாள்.

"ரீச்சர், தாளும் பேனையும் இருக்கோ?"

எடுத்தேன். அவள் எழுதவில்லை. என்னை எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தயாளினி, புஷ்பராணி, இருவர் பெயரும். மூன்றாம் வரிசை, ஏழாவது கொட்டகை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். அணைக்கட்டு முகாம். பாலக்கோடு. தருமபுரி மாவட்டம். மாவட்டத்தின் பெயரைச் சரியாக எழுதினேனா என்று எட்டிப் பார்த்தாள்.

"நாங்கள் இங்கை இருக்கிறம் எண்டு சொல்லிவிடுங்கோ."

"யாரிடம் சொல்லணும்மா? எல்லாரிடமும் சொல்லலாமா?"

பஸ் திருப்பத்தில் வருவது தெரிந்தது. அவள் பயந்துபோய் என் கையைப் பிடித்தாள்.

"இல்லை, இல்லை. ஆர் கேட்டாலும் சொல்லாதையுங்கோ. அப்பாவுக்கு மட்டும்."